66 மஸ்டாங்கில் இருப்பது எந்த ஆறு சிலிண்டர்? மாற்றினால் எதைப் போடலாம்?

மஸ்டாங்66 எழுதியது:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் 1966 மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஹார்ட்டாப் ஒன்று இருக்கிறது. மூன்று கியர் மேனுவல். சேஸிஸ் எண்ணில் ஐந்தாவது இடத்தில் 'டீ' (T) என்ற எழுத்து இருக்கிறது. அப்படியென்றால் கம்பெனியிலிருந்து வெளியே வந்தபோது 200 கன அங்குல ஆறு சிலிண்டர் இன்ஜின் இருந்திருக்கிறது. இப்போது உள்ளே இருக்கும் இன்ஜின் அதுதானா என்பதுதான் என் சந்தேகம்.

விற்றவர் "எல்லாம் ஒரிஜினல், 200 தான்" என்றார். ஏர் கிளீனர் மேல் 200 என்று ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கிறது. ஆனால் பிளாக்கின் பக்கவாட்டில் வட்டமான தகர மூடிகள், அதாவது வெல்ஷ் பிளக்குகள், மூன்றுதான் தெரிகின்றன. மற்றவர்களின் 66 வண்டிப் படங்களில் ஐந்து இருக்கின்றன. இன்ஜின் சூடான பிறகு ஐட்லிங்கில் ஆயில் பிரஷர் மிகவும் இறங்கிவிடுகிறது. மேட்டில் ஏறும்போது நீலப்புகை. எப்படியும் பிரித்துத்தான் ஆக வேண்டும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார்.

அதற்குள் இரண்டு இன்ஜின் விலைக்கு வந்திருக்கின்றன. ஒன்று 1971 ஃபோர்டு மேவரிக் காரிலிருந்து எடுத்த 200, கையால் சுற்றினால் சுற்றுகிறது. இன்னொன்று 1973 மேவரிக்கின் 250, பல காலமாகச் சும்மா கிடந்தது. இருப்பதையே ஓவர்ஹால் பண்ணலாமா, இந்த இரண்டில் ஒன்றைப் போடலாமா?

ரேஸ் ஓட்டப் போவதில்லை. குடும்பத்தோடு நீண்ட தூரம் நிம்மதியாகப் போய்வர வேண்டும். அந்த ஆறு சிலிண்டர் சத்தம் எனக்குப் பிடித்தது, அதை விட மனமில்லை.


வி8பிரியன் எழுதியது:

இவ்வளவு செலவு செய்வதற்கு ஒரு 302 வி8 தேடிப் போட்டுவிடுங்கள். அதே வண்டிக்கு 289 வி8 கம்பெனியே கொடுத்ததுதானே, இடம் தாராளமாக இருக்கிறது. உதிரி பாகமும் எளிதில் கிடைக்கும். ஆறு சிலிண்டருக்குச் செய்யும் செலவு திரும்பி வராது என்பது என் கருத்து.


கிராங்க்ஷாப்ட் எழுதியது:

நண்பரே, வி8 விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இன்ஜின் அறையில் இடம் இருப்பது உண்மை. ஆனால் 66-இல் ஆறு சிலிண்டர் மஸ்டாங்கும் வி8 மஸ்டாங்கும் அடியில் வேறு வேறு வண்டிகள். உங்கள் வீலைப் பாருங்கள், நான்கு போல்ட்தான் இருக்கும். வி8-க்கு ஐந்து. முன் பிரேக் டிரம் உங்களுடையது 9 அங்குலம், வி8-இல் 10. ஸ்பிண்டில், ஸ்டியரிங் லிங்கேஜ், முன் ஸ்பிரிங், பின் ஆக்சில் எல்லாமே வேறு. இன்ஜினை மட்டும் மாற்றி, அந்தச் சின்ன டிரம்மை நம்பிக் குடும்பத்தை ஏற்றிப் போவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். வி8 வேண்டும் என்றால் அடிப்பாகம் முழுவதும் சேர்த்துத்தான் கணக்கு. நீங்கள் கேட்டது அது இல்லை, அதனால் விட்டுவிடுவோம்.

இப்போது உங்கள் இன்ஜின். மூன்று வெல்ஷ் பிளக் என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியிலேயே பாதி விடை இருக்கிறது. ஃபோர்டின் இந்தச் சின்ன ஆறு சிலிண்டர் குடும்பம் 1960 ஃபால்கன் காரில் 144 கன அங்குலமாகத் தொடங்கியது. அடுத்து 170, அப்புறம் 200, கடைசியாக 1969-இல் 250. இதில் 144, 170, ஆரம்ப கால 200 எல்லாவற்றிலும் கிராங்கை (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டை) தாங்க நான்கு மெயின் பேரிங்தான். 1965 மாடல் முதல் 200-க்கு ஏழு மெயின் பேரிங் கொடுத்தார்கள். 250-க்குத் தொடக்கத்திலிருந்தே ஏழு. வெளியிலிருந்து பார்க்கும்போது நான்கு மெயின் பிளாக்கில் மூன்று வெல்ஷ் பிளக், ஏழு மெயின் பிளாக்கில் ஐந்து. இன்ஜின் மவுண்ட் மறைப்பதால் சில நேரம் ஒன்று கண்ணில் படாது. டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்து இன்னொரு முறை எண்ணிவிடுங்கள். மூன்றுதான் என்று உறுதியானால், அது உங்கள் 66-உடன் பிறந்த இன்ஜின் இல்லை. யாரோ பழையது ஒன்றை உள்ளே வைத்திருக்கிறார்கள்.

சேஸிஸ் எண்ணில் இருக்கும் 'டீ', கம்பெனி என்ன போட்டது என்பதைத்தான் சொல்லும். இன்று என்ன இருக்கிறது என்று சொல்லாது. ஸ்டிக்கரும் டேப்பெட் கவர் பெயிண்டும் அதையும் சொல்லாது, பத்து நிமிடத்தில் மாற்றக்கூடியவை அவை. இரும்பில் வார்த்த எண்ணை நம்புங்கள்.

பிளாக்கின் பக்கத்தில், செல்ஃப் மோட்டார் இருக்கும் பக்கமாக, எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டிப் பாருங்கள். மண்ணெண்ணெயும் கம்பி பிரஷும் போதும். 'சி' (C), 'டி' (D) போன்ற எழுத்தில் தொடங்கும் வார்ப்பு எண் ஒன்று கிடைக்கும். முதல் எழுத்து பத்தாண்டு: சி என்றால் அறுபதுகள், டி என்றால் எழுபதுகள். அடுத்த இலக்கம் வருடம். மூன்றாவது எழுத்து அந்தப் பாகத்தை எந்த வண்டிக்காக வடிவமைத்தார்கள் என்பது, டி என்றால் ஃபால்கன். நான்காவதான ஈ, இன்ஜின் பிரிவு. பிறகு வரும் 6015 என்பது பிளாக்குக்கான அடிப்படை எண். ஆக சி8டிஈ-6015 என்று இருந்தால் 1968-இல் ஃபால்கனுக்காக வடிவமைத்த பிளாக் என்று படிக்க வேண்டும். பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அந்த வருடம் வடிவமைப்பு வருடம். அதே அச்சில் அடுத்தடுத்த வருடங்களிலும் வார்த்திருப்பார்கள்.

வார்த்த நாளுக்குத் தனியாக ஒரு சின்னக் குறி உண்டு: ஒரு இலக்கம், ஒரு எழுத்து, பிறகு ஒன்றோ இரண்டோ இலக்கம். முதல் இலக்கம் வருடத்தின் கடைசி எண், எழுத்து மாதம், மீதி தேதி. ஏ ஜனவரி, பி பிப்ரவரி என்று போகும். ஐ மட்டும் கிடையாது, ஒன்று என்ற எண்ணோடு குழம்பும் என்பதால் அதைத் தாண்டி ஜே-க்குப் போய்விடுவார்கள். அதனால் ஜே என்றால் செப்டம்பர், கே என்றால் அக்டோபர். இரண்டு குறிகளையும் சேர்த்துப் படித்தால்தான் முழு விவரம் கிடைக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் அளந்துவிடலாம். 170-க்கு போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 3.50 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம்) 2.94. 200-க்கு போர் 3.68, ஸ்ட்ரோக் 3.13. 250-க்கு அதே 3.68 போர், ஸ்ட்ரோக் மட்டும் 3.91. ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் குச்சியை விட்டு ஸ்ட்ரோக் பார்க்கிறேன் என்று சிலர் சொல்வார்கள். 250-ஐப் பிரித்தறிய அது உதவும், மற்றவற்றிலிருந்து 20 மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கிறது. ஆனால் 170-க்கும் 200-க்கும் இடையே 5 மில்லிமீட்டர்கூட இல்லை. பிளக் துளை சாய்வாக இருப்பதால் குச்சியும் சாய்ந்தே இறங்கும், அந்த 5 மில்லிமீட்டர் அதிலேயே தொலைந்துவிடும். எப்படியும் பிரிக்கப் போகிறீர்கள் அல்லவா, ஹெட்டைக் கழற்றிப் போரை அளந்துவிடுங்கள். 170-ஐ 60 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஓவர்சைஸ் வரை போர் பண்ணியிருந்தாலும் 3.56-தான் வரும், 3.68-ஐ எட்டாது. அதனால் போர் ஏமாற்றாது.

சம்பை, அதாவது அடியில் இருக்கும் ஆயில் தொட்டியை, கழற்றினால் இன்னும் எளிது. மெயின் கேப்புகளைக் கண்ணாலேயே எண்ணிவிடலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு, அளந்துவிட்டு வாருங்கள், பேசுவோம். ஆனால் என் எண்ணத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தக் குடும்பத்தில் இன்ஜின் தேர்ந்தெடுக்கும்போது குதிரைத்திறனைப் பார்ப்பதைவிடக் கீழ்ப்பாகத்தைப் பார்ப்பதுதான் முக்கியம். நான் தினமும் கிராங்க் சாணை பிடிப்பவன். நான்கு மெயின் இன்ஜினில் இரண்டு பேரிங்குக்கு நடுவே இரண்டு கிராங்க் பின்கள் (கனெக்டிங் ராடு மாட்டும் இடங்கள்) தொங்குகின்றன. ஏழு மெயினில் ஒவ்வொரு பின்னுக்கும் இரண்டு பக்கமும் தாங்கல் இருக்கிறது. நீண்ட தூரம், ஒரே வேகத்தில், மணிக்கணக்காக ஓடும்போது அந்த வித்தியாசம் கிராங்கிலும் தெரியும், ஓட்டுபவரின் காலுக்கும் தெரியும். நேர் ஆறு சிலிண்டர் என்றால் 120 பாகைக்கு ஒரு முறை எரிந்து, பிஸ்டன்களின் அசைவு ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும் அமைப்பு. இயல்பிலேயே அதிராத இன்ஜின். அதற்கு ஏழு தாங்கலும் கிடைத்தால் அதைவிட இனிமையாக ஓடும் இன்ஜின் இந்த விலையில் இல்லை என்பது என் உறுதியான கருத்து.


இருநூற்றைம்பது எழுதியது:

கிராங்க்ஷாப்ட் அண்ணா சொன்னது சரி. ஆனால் 250-ஐ இவ்வளவு சுருக்கமாகத் தாண்டிப் போகக் கூடாது. என் 69 மஸ்டாங்கில் அதுதான் ஓடுகிறது. ஏழு மெயின்தான் உங்களுக்கு வேண்டும் என்றால் இதிலும் ஏழுதான். 99 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். கீழ் ஆர்பிஎம்மில் அதன் இழுப்பைப் பார்த்தவர்கள் 200 பக்கம் திரும்ப மாட்டார்கள். டாப் கியரில் போட்டுவிட்டால் மேடு வந்தாலும் கியரைத் தொட வேண்டியதில்லை. இன்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங்கின் போல்ட் அமைப்பும் சின்ன வி8-ஐ ஒத்தது, அதனால் நல்ல கியர் பாக்ஸ் தேடுவது எளிது.

ஒரு விஷயம் மட்டும். 1969-இல் 250-க்கு 155 குதிரைத்திறன் என்று விளம்பரம் செய்தார்கள், 73-க்கு இரண்டு இலக்க எண்தான் போட்டிருக்கும். அதைப் பார்த்து அது சொத்தை இன்ஜின் என்று நினைக்காதீர்கள். 1972-இலிருந்து அமெரிக்கக் கம்பெனிகள் ஏர் கிளீனர், சைலன்சர், ஃபேன் எல்லாம் மாட்டிய நிலையில் அளந்த நெட் கணக்கைச் சொல்லத் தொடங்கினார்கள். கம்ப்ரஷனையும் குறைத்தார்கள், அது வேறு. ஆனால் குறைவில் பெரும்பங்கு கணக்கு மாறியதால் வந்தது.


கிராங்க்ஷாப்ட் எழுதியது:

250 நல்ல இன்ஜின், அதில் எனக்கு மறுப்பே இல்லை. 69 மஸ்டாங்குக்குக் கம்பெனியே கொடுத்தது, அங்கே அது அழகாக உட்காரும். 66-இல்தான் சிக்கல். அந்த நீளமான ஸ்ட்ரோக்குக்காக பிளாக்கை 200-ஐவிடச் சுமார் 40 மில்லிமீட்டர் உயரமாக வார்த்திருக்கிறார்கள். 66-இன் பானெட் தாழ்வானது. ஏர் கிளீனர் இடிக்கும், அதற்காகக் கார்புரேட்டர் மேலே எதையெதையோ வெட்டி ஒட்ட வேண்டி வரும். பெல் ஹவுசிங் வேறு, ஆகவே கியர் பாக்ஸ் வரை கை நீளும். அந்த இழுப்பு முழுவதும் போய்ச் சேர்வது ஆறு சிலிண்டர் வண்டிக்குக் கொடுத்த 7.25 அங்குலச் சின்னப் பின் ஆக்சிலுக்கு. வண்டியின் மற்ற உறுப்புகள் தாங்குமா என்று பார்க்காமல் இன்ஜினை மட்டும் பெரிதாக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

250 வாங்குகிற மற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வி8 பெல் ஹவுசிங் பொருந்துகிறது என்பதற்காக 302-இன் ஃப்ளைவீலை எடுத்து 250-இல் மாட்டிவிடாதீர்கள். 302-க்கு வெளியே எடை வைத்துச் சமன் செய்வார்கள், அந்த ஃப்ளைவீலில் ஒரு பக்கம் வேண்டுமென்றே எடை கூடுதலாக இருக்கும். நேர் ஆறுக்கு அப்படி எதுவும் தேவையில்லை. அந்த ஃப்ளைவீலோடு ஓட்டினால் பின் மெயின் பேரிங்கை அது தின்றுவிடும்.


மஸ்டாங்66 எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. அண்ணா, நீங்கள் சொன்னபடியே செய்தேன்.

கண்ணாடி வைத்து எண்ணினேன், மூன்றுதான். சுரண்டிப் பார்த்ததில் வார்ப்பு எண் சி4டிஈ என்று தொடங்குகிறது. சற்றுத் தள்ளி '4கே9' என்று தெரிகிறது. ஹெட்டையும் கழற்றியாகிவிட்டது. பிஸ்டன் தலையில் கரியைத் துடைத்தால் 030 என்று பதித்திருக்கிறது. போரின் அடியில், ரிங் போய்த் தேய்க்காத இடத்தில், 89.66 மில்லிமீட்டர். மேலே ரிங் திரும்பும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே 89.80. விளிம்பில் நகம் தட்டுகிறது. பிஸ்டன் மேலிருந்து கீழே வரை 74.7 மில்லிமீட்டர் போகிறது.

இதை வைத்து என்ன முடிவுக்கு வரலாம்? இன்னொரு கேள்வியும் உண்டு. 71 இன்ஜினை வாங்கினால், என்னிடம் நன்றாக இருக்கும் கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், இந்த ஹெட் இவற்றையெல்லாம் அதில் மாற்றிப் போடலாமா? கார்புரேட்டரைச் சமீபத்தில்தான் சுத்தமாகப் பிரித்து மாட்டினேன்.


கிராங்க்ஷாப்ட் எழுதியது:

இப்படி அளந்துகொண்டு வந்து கேட்டால் பதில் சொல்வதே மகிழ்ச்சியாக இருக்கிறது.

3.50 அங்குலம் என்பது 88.9 மில்லிமீட்டர். அதோடு 30 தவ் கூட்டினால் 89.66. உங்கள் அடிப்போர் அளவு அப்படியே வந்து நிற்கிறது, பிஸ்டனிலும் 030 இருக்கிறது. ஸ்ட்ரோக் 74.7 என்பது 2.94 அங்குலம். ஆக இது 170. ஒரு முறை போர் பண்ணி 30 தவ் ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டிருக்கிறார்கள். 4கே9 என்றால் 1964 அக்டோபர் 9-ஆம் தேதி வார்த்தது, அதாவது 1965 மாடலுக்கான பிளாக். அந்த நேரத்தில் 200 ஏழு மெயினுக்கு மாறிவிட்டது, ஃபால்கனின் அடிப்படை இன்ஜின் 170. எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகிறது. உங்கள் வண்டியில் இருப்பது அநேகமாக ஒரு 65 ஃபால்கனின் இன்ஜின்.

மேலே 89.80, கீழே 89.66. 0.14 மில்லிமீட்டர் தேய்மானம், ஐந்தரை தவ். புது ரிங் மட்டும் போட்டு ஓட்டும் நிலையை இது தாண்டிவிட்டது. திரும்பவும் போர் பண்ண வேண்டும், 60 தவ் பிஸ்டன் வேண்டும், ஆயில் பிரஷர் சொல்வதை வைத்துப் பார்த்தால் கிராங்கும் சாணைக்குப் போக வேண்டும். இத்தனையும் செய்து முடித்தால் கையில் இருப்பது நான்கு மெயின் 170. அதே வேலையை 71 பிளாக்கில் செய்தால் ஏழு மெயின் 200, அதுவும் உங்கள் சேஸிஸ் எண் சொல்லும் இன்ஜின். எனக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. 71-ஐ எடுங்கள்.

இப்போது உங்கள் கேள்வி. டிஸ்ட்ரிபியூட்டரும் கார்புரேட்டரும் கணவன் மனைவி மாதிரி, பிரித்தால் இரண்டும் வேலை செய்யாது. 1967 வரை இந்த இன்ஜின்களில் இருந்த டிஸ்ட்ரிபியூட்டருக்கு உள்ளே சுழற்சியால் விலகும் எடைகளே கிடையாது. டைமிங் முன்னேறுவது முழுக்க வேக்குவத்தை நம்பித்தான். அந்த வேக்குவத்தை ஆர்பிஎம்முக்கும் சுமைக்கும் ஏற்பக் கலந்து கொடுக்க, அதற்கு ஜோடியான ஆட்டோலைட் 1100 கார்புரேட்டரின் பக்கத்தில் ஸ்பார்க் கன்ட்ரோல் வால்வு என்று ஒன்று இருக்கும். சின்ன வட்டமாக, திருகிக் கழற்றும்படி இருக்கும். 68-இலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே எடைகளும் வந்துவிட்டன, கார்புரேட்டரில் அந்த வால்வு போய்விட்டது. பழைய டிஸ்ட்ரிபியூட்டரைப் புதுக் கார்புரேட்டரோடு சேர்த்தால் டைமிங் சரியாக ஏறவே ஏறாது. வண்டி ஸ்டார்ட் ஆகும், ஐட்லிங்கும் நிற்கும், ஆனால் மிதித்தால் சோம்பும், சூடேறும். கார்புரேட்டரில்தான் கோளாறு என்று நினைத்து ஜெட்டை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

அதனால் 71 இன்ஜினோடு வரும் டிஸ்ட்ரிபியூட்டரையும் கார்புரேட்டரையும் ஜோடியாகவே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சுத்தம் செய்த கார்புரேட்டர் நன்றாக இருந்தாலும் இதற்கு வேண்டாம். இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆயில் பம்பை ஓட்டும் அறுகோணத் தண்டு நான்கு மெயின் இன்ஜினில் கால் அங்குலம், ஏழு மெயினில் 5/16 அங்குலம். உங்கள் பழைய டிஸ்ட்ரிபியூட்டரின் அடித்துளை அந்தத் தண்டுக்குப் பொருந்தாது.

ஹெட்டையும் அப்படியே விட்டுவிடுங்கள். இந்தக் குடும்பத்தில் இன்டேக் மேனிஃபோல்டு தனியாகக் கிடையாது, ஹெட்டோடு சேர்த்தே வார்த்த ஒரு நீளக் குழாய்தான். 170-இன் ஹெட்டில் அந்தக் குழாயும் ஒடுக்கம், வால்வும் சிறிது. 200-க்கு மூச்சு முட்டும். 71 ஹெட்டையே பிரித்து வால்வு வேலை செய்யுங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் கடினமான சீட் வளையம் போடச் சொல்லுங்கள், ஈயம் இல்லாத பெட்ரோலில் பழைய சீட் உள்ளே உள்ளே இறங்கிக்கொண்டே போகும்.

இங்கே கம்ப்ரஷன் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பலருடைய புது ஓவர்ஹால் இன்ஜின் மந்தமாக ஓடுவதற்கு இதுதான் காரணம். 200-இல் ஒரு சிலிண்டர் 545 சிசி. 66-இல் கம்பெனி சொன்ன கம்ப்ரஷன் 9.2. கணக்குப் போட்டால், பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மேலே மிச்சம் 66.5 சிசி. அறுபதுகளின் ஹெட்டில் எரியறை 52 சிசி வாக்கில் இருக்கும். எழுபதுகளின் பிற்பகுதியில் அதை 62 வாக்கில் கொண்டுபோய்விட்டார்கள். அந்தப் பெரிய அறை ஹெட் ஒன்றை எடுத்து அப்படியே மாட்டினால் 10 சிசி கூடுகிறது. அதோடு முடியவில்லை. அந்தக் காலத்தில் ஹெட் கேஸ்கெட் மெல்லிய எஃகுத் தகடு, 25 தவ் தடிமன்தான். இன்று கிடைக்கும் கலவைக் கேஸ்கெட் அழுந்திய பிறகும் 50 தவ் பக்கம் நிற்கும். அந்த 25 தவ் வித்தியாசம் இன்னொரு நான்கரை சிசி. இப்போது மேலே மிச்சம் 81 சிசி, கம்ப்ரஷன் 7.7. எல்லாப் பாகமும் புதிது, அளவும் சரி, ஆனால் இன்ஜினில் உயிர் இல்லை என்பார்கள்.

உங்கள் 71 ஹெட்டில் அறை எவ்வளவு என்பதை அனுமானிக்க வேண்டாம். வால்வும் பிளக்கும் மாட்டி ஹெட்டைத் தலைகீழாக வைத்து, மேலே துளையிட்ட கண்ணாடித் தகட்டை கிரீஸ் தடவி ஒட்டி, பியூரெட்டில் திரவம் ஊற்றி அளக்கலாம். எந்த மெஷின் ஷாப்பிலும் செய்து கொடுப்பார்கள். கேஸ்கெட் வித்தியாசத்துக்காகவே குறைந்தது 25 தவ் ஹெட்டை மில்லிங் செய்ய வேண்டியிருக்கும். அதற்கு மேல் எவ்வளவு என்பது அந்த அளவைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நிறைய எடுத்துவிட்டால் இருக்கும் புஷ்ராடே தேவைக்கு மேல் நீளமானதாகி லிஃப்டரை அளவுக்கு மீறி அழுத்தும், அதையும் சரிபாருங்கள்.


மஸ்டாங்66 எழுதியது:

மிகவும் தெளிவாகிவிட்டது அண்ணா. 71-ஐயே எடுக்கிறேன். வாங்கும் முன் அங்கே நின்றபடி எதையெல்லாம் பார்க்க வேண்டும்? அவர் சம்பைக் கழற்றிப் பார்க்க அனுமதிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.


கிராங்க்ஷாப்ட் எழுதியது:

சம்பைக் கழற்ற விடுகிறார் என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் ஐந்து வெல்ஷ் பிளக், அப்புறம் ஏழு மெயின் கேப். 71-இல் மேவரிக்குக்கு 170-உம் உண்டு, அதனால் மேவரிக் என்ற பெயரை வைத்து மட்டும் 200 என்று நம்பிவிடாதீர்கள். பிறகு நடு மெயின் கேப் ஒன்றையும் ஏதாவது ஒரு கனெக்டிங் ராடு கேப்பையும் கழற்றுங்கள். பேரிங் ஓடு சாம்பல் நிறமாக ஒரே சீராக இருந்தால் நல்லது. செம்பு நிறம் எட்டிப் பார்த்தால் கிராங்க் சாணைக்குப் போக வேண்டும், விலையில் அதைக் கழிக்கச் சொல்லுங்கள். ஜர்னல் (கிராங்கில் பேரிங் உட்காரும் இடம்) மேல் நகத்தை இழுத்துப் பாருங்கள், எங்கேயும் தட்டக் கூடாது. கேப்பைத் திரும்பப் போடும்போது அதே இடம், அதே திசை.

கிராங்கை முன்னும் பின்னும் ஸ்க்ரூடிரைவரால் நெம்பிப் பாருங்கள், டயல் கேஜ் இருந்தால் வைத்து அளந்துவிடுங்கள். 4 முதல் 8 தவ் வரை சரி. மேனுவல் வண்டியில் இருந்த இன்ஜின் என்றால் கிளட்ச் அழுத்தி அழுத்தியே அந்த இடம் தேய்ந்திருக்கும், இதை விட்டுவிடாதீர்கள்.

முடிந்தால் கடைசி வெல்ஷ் பிளக்கைத் தட்டி எடுக்கக் கேளுங்கள். ஆறாவது சிலிண்டரைச் சுற்றித்தான் சேறும் துருவும் போய்ப் படியும். உள்ளே விரல் விட்டால் கூழாங்கல் மாதிரி கட்டி கட்டியாக வந்தால் பிளாக்கை ஆசிட் தொட்டியில் போட்டுச் சுத்தம் செய்த பிறகுதான் போர் அளக்க வேண்டும்.

இன்ஜினை மட்டும் வாங்காதீர்கள். பெல் ஹவுசிங், ஃப்ளைவீல், கிளட்ச், செல்ஃப் மோட்டார், நடுவில் வரும் தகடு எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். அறுபதுகளின் நடுவில் பெல் ஹவுசிங் போல்ட் அமைப்பும் கிளட்ச் அளவும் மாறின. உங்கள் வண்டியில் இப்போது 170-க்கு எது மாட்டியிருக்கிறதோ அது 71 பிளாக்கில் நிற்காமல் போகலாம். அவருடையது ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்தால் ஃப்ளைவீலும் மேனுவல் பெல் ஹவுசிங்கும் தனியாகத் தேட வேண்டும், கிராங்கின் பின் நுனியில் கியர் பாக்ஸ் தண்டுக்கான பைலட் புஷ்ஷையும் போட வேண்டும்.

கடைசியாக முன்னால் இருக்கும் டேம்பர் கப்பி. நேர் ஆறின் கிராங்க் நீளமானது, அது முறுக்கி முறுக்கி விடுபடும் அதிர்வை இதுதான் விழுங்குகிறது. நடு ரப்பர் வெடித்து வெளியே பிதுங்கியிருந்தால் வெளி வளையம் நழுவியிருக்கும், அதில் இருக்கும் டைமிங் குறியை நம்ப முடியாது. இன்ஜினை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப்பைத் திருகி, இரண்டு பக்கமும் மெதுவாகச் சுற்றி, நிற்கும் இரண்டு இடங்களுக்கு நடுவைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் உண்மையான உச்சி. பழைய குறி அதோடு ஒத்துப்போகவில்லை என்றால் டேம்பரை மாற்றிவிட்டு அப்புறம் டைமிங் வையுங்கள். எரியும் வரிசை 1-5-3-6-2-4, உங்கள் 170-க்கும் இதேதான்.